முப்பந்தலில் காற்று இல்லை

ஆனி மாதம். காவல்கிணறு விலக்கில் நாகர்கோவில் ரோட்டுக்குத் திரும்பியதுமே காற்று எதிரே வந்து மூஞ்சியில் அறைந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று. ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் பிடித்திருந்தேன். வண்டிக்குள் ஒன்பது பேர், ரெண்டு வாழைத்தார், சீர்ப் பாத்திரம், சித்தி மடியில் ஒரு குத்துவிளக்கு. முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலை நெருங்கும்போது பின்னாலிருந்து சூடான எண்ணெய் வாடை வந்தது. வண்டியை ஓரங்கட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்ததும் ஆயில் லைட் கண்ணைச் சிமிட்ட ஆரம்பித்தது.

எல்லாரும் இறங்கினோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைக் காத்தாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. சித்தியின் சேலைத் தலைப்பு அவளைவிட்டு ஓடப் பார்த்தது. பெரியப்பா துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னார்: "ஏல, ஊரு பூரா காத்து. இத்தனை காத்தாடி சுத்துது. நம்ம வண்டிக்கு மட்டும் காத்து பத்தலையாம்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது புரிய எனக்கு ஒரு வருசம் ஆயிற்று. இது நடந்தது 2011இல்.

வண்டி 1969 மாடல் ஃபோக்ஸ்வேகன் வேன். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது 'பன்னு வண்டி'. ஒரு ஆஸ்பத்திரிக்காக வெளிநாட்டிலிருந்து வந்து, அங்கே உழைத்து ஓய்ந்து, பிறகு ஏலத்துக்கு வந்தபோது பெரியப்பா எடுத்தார். எதற்காக எடுத்தார் என்று பெரியம்மா இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். 1600 என்ஜின், சரியாகச் சொன்னால் 1584 சிசி, 47 குதிரைத் திறன். இன்றைய சின்னக் கார்கூட இதைவிட அதிகமாக இழுக்கும். நான்கு சிலிண்டரும் படுத்த வாக்கில், பக்கத்துக்கு ரெண்டாக, வண்டியின் பின்புறத்தில் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் கிடையாது.

தண்ணீர் இல்லை என்பதை நம்ம ஊரில் யாருக்கும் நம்ப முடியாது. பேட்டைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் ஒரு பையன் பாட்டிலோடு வண்டியை முழுசாக ரெண்டு சுற்றுச் சுற்றி வந்து, "அண்ணாச்சி, தண்ணி எங்கன ஊத்தணும்?" என்றான். ஊத்த வேண்டாம் என்றேன். "அப்போ சூடாகாதா?" என்றான். அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு நீளப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சூடாகும். நிறையவே சூடாகும். எரிகிற பெட்ரோலில் ஏறக்குறைய கால்வாசிதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது. மிச்சமெல்லாம் சூடு. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். போகாமல் ஹெட்டிலும் (சிலிண்டரின் மூடி) பேரலிலும் (சிலிண்டரின் உடம்பு) தங்குவதை வேறு எதாவது வெளியே எடுத்துப் போயாக வேண்டும். தண்ணீர் அந்தச் சோலிக்குப் பிறந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கிற சூட்டைச் சுமக்க மூவாயிரம் லிட்டருக்கும் மேலே காற்று வேண்டும். அதனால்தான் டைனமோ தண்டின் ஒரு முனையில் ஒரு பெரிய ஃபேன் வைத்திருக்கிறார்கள். மறுமுனையில் பெல்ட். என்ஜின் நல்ல வேகத்தில் சுற்றும்போது அந்த ஃபேன் நொடிக்கு 500 லிட்டருக்குக் குறையாமல் காற்றைத் தள்ளும்.

தள்ளினால் மட்டும் போதாது. இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறோம்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடு தெரிந்தவர்களுக்கு இது லேசாகப் புரியும். முன்கட்டுத் தார்சாவில் நின்று பார்த்தால் நடுக்கூடமான பட்டாசல் வழியாகப் புறவாசல் வரைக்கும் ஒரே நேர்கோடாகத் தெரியும். மேல்காற்றுக் காலத்தில் புறவாசலைச் சாத்திவிட்டு முன்வாசலை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் பட்டாசலில் வேர்த்து ஊற்றும். காற்று உள்ளே வர வேண்டும் என்றால் வெளியே போக வழி இருக்க வேண்டும். போகிற வழியில் நம்மைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். போன காற்று திரும்பி வரக்கூடாது.

இந்த வேனில் காற்று உள்ளே வருகிற வழி பின் ஜன்னல்களுக்குப் பின்னால், மேலே, ரெண்டு பக்கமும் மீன் செவுள் மாதிரி இருக்கும். அங்கே நுழைகிற குளிர்ந்த காற்று என்ஜின் அறைக்கு வந்து, ஃபேனுக்குள் போய், மேலே கவிழ்த்திருக்கிற தகரக் கூட்டுக்குள் அழுத்தம் பெற்று, சிலிண்டர்களின் துடுப்புத் துடுப்பான விளிம்புகளுக்கு நடுவே கீழே இறங்கி, சூட்டை வாங்கிக்கொண்டு ரோட்டைப் பார்க்கப் போய்விடும். என்ஜினைச் சுற்றி இருக்கிற தகரங்களும், அந்தத் தகரத்துக்கும் பாடிக்கும் நடுவே இருக்கிற ரப்பர் பட்டையும் சேர்ந்து மேலே குளிர்ந்த அறை, கீழே சூடான அறை என்று ரெண்டாகத் தடுத்து வைத்திருக்கின்றன. அந்தத் தடுப்பில் ஓட்டை விழுந்தால் கீழே தள்ளிய வெந்நீர்க் காற்றை ஃபேன் மறுபடி உறிஞ்சி அதே சிலிண்டர் மேல் ஊதும். (வெந்நீர்க் காற்று என்று ஒரு சொல் கிடையாது என்று தெரியும். கையை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் சொல்லத் தோன்றும்.)

முப்பந்தலுக்கு ரெண்டு வாரம் கழித்து நாங்குநேரிப் பக்கம் வண்டி நின்றது. இந்தத் தடவை வாடை, லைட் எதுவும் இல்லை. 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு யாரோ உள்ளேயிருந்து சுத்தியலால் அடிக்கிற மாதிரி நாலைந்து அடி, அவ்வளவுதான். ஒரு டிராக்டரில் கயிறு கட்டிப் பாளையங்கோட்டை வரைக்கும் இழுத்து வந்தோம்.

லேத்து அண்ணாச்சி ஹெட்டைக் கழற்றினார். மூன்றாம் நம்பர் சிலிண்டர். பழைய பெரிய ஒத்த ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக, எக்ஸாஸ்ட் வால்வின் (எரிந்த புகை வெளியேறும் வழியைத் திறந்து மூடுவது) தலை மட்டும் முறிந்து, பிஸ்டன் மண்டையில் சாய்வாகக் குத்தி நின்றது. அதன் விளிம்பு சாம்பல் வெள்ளையில் வெந்துபோன சுண்ணாம்பு மாதிரி இருந்தது. அவர் அதை இடுக்கியால் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். "இது இன்னைக்கி ஒடஞ்சதில்ல. ரொம்ப நாளா செத்துக்கிட்டே இருந்திருக்கு" என்றார். பிறகு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, "தகரமெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

தகரம்! ரெண்டு வருசம் முன்னால் வேறொரு பட்டறையில் கிளட்ச் வேலைக்கு என்ஜினை இறக்கியபோது அங்கிருந்தவர், "காத்து நல்லா வந்து போட்டும்னு அடைச்சுக்கிட்டு இருந்ததை எல்லாம் கழட்டி விட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நானும் தலையாட்டினேன். கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? பைக்கில் என்ஜின் வெளியே தெரிகிறது, அதன்மேல் காற்றுப் படுகிறது, ஆறுகிறது. அந்த நினைப்பில்தான் அவரும் செய்தார். பின் மூடியைக்கூட ஒரு கட்டையைக் கொடுத்துத் திறந்தே வைத்து ஓட்டச் சொல்லியிருந்தார். ஓடுகிற வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவாக இருக்கும், சைலன்சர் சூடும் ரோட்டுப் புழுதியும் அங்கேதான் சுழலும், மூடியைத் திறந்தால் அதெல்லாம் ஃபேன் வாயிலேயே போய் விழும் என்பது எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியவில்லை. அவர் வீசி எறிந்தவற்றில் சிலிண்டர்களுக்கு அடியில் மாட்டுகிற ரெண்டு சின்னத் தகடுகளும் போயின. கை அகலம்கூட இல்லாத சாமான். மேலேயிருந்து வருகிற காற்று ரெண்டு பேரலுக்கும் நடுவே நேராக விழுந்து ஓடிவிடாமல், வளைந்து பேரலின் அடிவயிற்றையும் தடவிக்கொண்டு போகச் செய்வது அந்தத் தகடுதான். அது இல்லாமல் பேரலின் மேல்பாதி ஆறியது. கீழ்ப்பாதி வெந்தது.

ஆட்டோக்காரர்களுக்கு இதெல்லாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பழைய பின் என்ஜின் ஆட்டோவிலும் ஃபேனும் அதைச் சுற்றி ஒரு மூடியும் உண்டு. மூடி உடைந்த ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கும்போதே திணறும்.

ஏன் மூன்றாம் நம்பர்? இந்த வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை இது. 1969 மாடலில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்கு உள்ளேயே, இடது பக்கம், மூன்றாம் சிலிண்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அங்கே போகிற காற்று முதலில் ஆயிலின் சூட்டை வாங்கிக்கொண்டு, மிச்சத்தோடு சிலிண்டருக்கு வரும். மூத்தவன் குளித்த தண்ணீரில் இளையவன் குளிக்கிற மாதிரி. அதற்காகவே பிளக்குகளுக்குப் பொறி பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரில் மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் பொறி கொஞ்சம் தாமதமாக விழும்படி வைத்திருந்தார்கள். 1971இல் கூலரைக் கூட்டுக்கு வெளியே தள்ளி அதற்குத் தனிக் காற்று வழி போட்டார்கள். தகரமெல்லாம் சரியாக இருந்தால் பழைய அமைப்பும் வருசக்கணக்காக ஓடும். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஓட்டியிருக்கிறார்களே.

வால்வு சாவதற்கு முன்னால் சொல்லும், நாம் கேட்பதில்லை என்பதுதான் லேத்து அண்ணாச்சியின் கட்சி. வால்வு தன் சூட்டைக் கொட்டுகிற இடம் முக்கியமாக அது உட்கார்கிற சீட்தான். அதிகச் சூட்டில் வால்வின் தண்டு இம்மி இம்மியாக நீளும். நீண்டால் டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கிற கைக்கும் நடுவே விட்டிருக்கிற சந்து, குறையும். இடைவெளி போய்விட்டால் வால்வு முழுசாக உட்காராது, உட்காராவிட்டால் சூடு இறங்காது, இறங்காத சூட்டில் இன்னும் நீளும். அந்த இடைவெளி இருக்க வேண்டியது 0.15 மில்லிமீட்டர், என்ஜின் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த பிறகு. இதை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபீலர் கேஜ் என்கிற அளவுத் தகடு போட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது, எழுதி வைக்க வேண்டும். மற்ற ஏழும் அப்படியே இருக்க, மூன்றாம் நம்பர் எக்ஸாஸ்ட் மட்டும் ஒவ்வொரு தடவையும் இறுகிக்கொண்டே வந்தால் அது கிளம்பத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். நாங்கள் ஒருமுறைகூட எழுதி வைக்கவில்லை. டேப்பட் சத்தம் குறைந்துபோனதை, 'வண்டி இப்ப சாதுவா ஓடுதுல்லா' என்று ரசித்தோம்.

தகரம் புதிதாகச் செய்ய மேலப்பாளையத்தில் ஒரு பாய் கிடைத்தார். டிரம்மும் புனலும் அடிக்கிறவர். லேத்து அண்ணாச்சி பழைய படம் ஒன்றைப் பார்த்து அட்டையில் வெட்டிக் கொடுத்த அளவை வைத்து மூன்று நாளில் அடித்தார். கடைசி நாளில் ஃபேன் கூட்டைத் துடைக்கக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து ஒரு முழு எலிக்கூடு விழுந்தது. பனைநார், வாழைச்சருகு, இலவம்பஞ்சு, யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் ஓரம். இதெல்லாம் ஆயில் கூலரின் பாதி வாயை அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. பாய் அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்துப் படித்துப் பார்த்து, "முகூர்த்தம் முடிஞ்சு போச்சு" என்றார்.

கூட்டின் ரெண்டு பக்கமும் கை நுழைகிற அளவில் திறந்து கிடந்த ஓட்டைகளையும் பாய்தான் காட்டினார். அது ஹீட்டருக்குக் காற்று போகிற வாய். குழாயை பெரியப்பா எப்போதோ பிடுங்கிப் போட்டுவிட்டார். திருநெல்வேலியில் ஹீட்டர் எதற்கு? நியாயம்தான். ஆனால் வாயை மூடாமல் விட்டதால் ஃபேன் தள்ளுகிற காற்றில் ஒரு பங்கு சிலிண்டர் பக்கமே போகாமல் வருசக்கணக்கில் அந்த வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. ரெண்டு வட்டத் தகரம் வெட்டி மூடினோம்.

தடுப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் இப்போது ஒரு முறை இருக்கிறது. வண்டியை நிறுத்தி ஓடவிட்டு, பின் மூடியைச் சாத்தி, அடியில் ரப்பர் பட்டை ஓரமாக ஒரு ஊதுபத்தியைக் கொண்டுபோவேன். புகை மேலே உள்ளே இழுபட்டால் அங்கே இடைவெளி இருக்கிறது. முதல் தடவை செய்தபோது பெரியம்மா வாசலில் நின்று, "என்னலே, வண்டிக்குச் சாம்பிராணி போடுத?" என்றாள்.

தொழிற்சாலையில் இந்த வண்டிக்குச் சூடு காட்டும் முள் வைக்கவில்லை. தண்ணீர் வண்டி என்றால் ஆவி பறந்து ஊருக்கே சொல்லிவிடும். இது சத்தமில்லாமல் வேகும். அதனால் ரெண்டு மீட்டர் மாட்டினேன். ஒன்று ஆயிலுக்கு. இன்னொன்று மூன்றாம் நம்பர் பிளக்குக்கு அடியில் வாஷர் மாதிரி உட்கார்கிற ஒரு வளையத்திலிருந்து ஹெட்டின் சூட்டைக் காட்டும். ஆயில் 80லிருந்து 110 டிகிரிக்குள் இருந்தால் எனக்குக் கவலை இல்லை. 120 தாண்டினால் ஓரங்கட்டுவேன். ஹெட் 200 டிகிரியைத் தொட்டுத் தங்கினால் காலைத் தளர்த்துவேன்.

இந்த மீட்டர்கள் என்னுடைய ரொம்ப நாள் நம்பிக்கை ஒன்றை உடைத்தன. எல்லாவற்றுக்கும் நம்ம ஊர் வெயிலைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெர்மனிக்காரன் குளிருக்குச் செய்த வண்டி, கத்திரி வெயிலில் என்ன செய்யும் என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெட் 200 டிகிரி, வெளிக் காற்று 20 என்றால் வித்தியாசம் 180. நம்ம ஊர் 40 டிகிரியில் 160. அதோடு சூடான காற்று லேசானது, ஆறு சதவீதம் போல எடை குறையும். ரெண்டையும் சேர்த்தால் ஹெட் ஆறுவதில் ஆறில் ஒரு பங்கு நட்டம். அவ்வளவுதான் வெயிலின் பங்கு. ஆயிலுக்குத்தான் அடி கொஞ்சம் பலம். 110 டிகிரி ஆயிலுக்கு அங்கே 90 டிகிரி வித்தியாசம், இங்கே 70. மொத்த ஆயிலே 2.5 லிட்டர், ஃபில்டர்கூடக் கிடையாது, ஒரு சல்லடை மட்டும். ஆகவே ஆயிலைச் சீக்கிரம் மாற்றுகிறேன், வெயில் காலத்தில் பதினொன்றிலிருந்து நாலு வரைக்கும் வண்டியை எடுப்பதில்லை. தகரம் போனதுக்கும் எலிக்கூட்டுக்கும் சூரியன் என்ன செய்யும் பாவம்?

இப்போது புதிதாக ஒரு தலைவலி, பெட்ரோலில் கலக்கிற எத்தனால். 20 சதவீதம் வரை வந்துவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. பழைய கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவிலேயே ஊற்றும். கலவை வறண்டுபோய் ஹெட் கூடுதலாகச் சூடாகும். கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையான ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிய பிறகு மீட்டர் இறங்கியது. பழைய ரப்பர் குழாயையும் அது அரிக்கும் என்பதால் மொத்தத்தையும் மாற்றினேன். பின்னால் என்ஜின், அதற்கு முன்னால் டேங்கு, நடுவே ஒழுகுகிற குழாய். நினைத்தாலே வயிற்றைக் கலக்கும்.

ஓட்டுகிற விதம் பற்றி பெரியப்பாவுக்கும் எனக்கும் நடந்த சண்டை தனிக் கதை. அவர் அந்தக் கால டிரைவர். டாப் கியரிலேயே மேட்டை ஏற்றுவது அவருக்கு மானப் பிரச்சினை. செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் வண்டி 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு ஏறும்போது, "பாத்தியா, பெட்ரோல் மிச்சம்" என்பார். நான் ரெண்டாவது கியர் போட்டு என்ஜினை அலறவிட்டு ஏற்றினால், "அந்த வாயில்லா ஜீவனை ஏம்லே கொல்லுத?" என்பார். ஒருநாள் மீட்டரைக் காட்டினேன். அவர் முறையில் வளைவின் பாதியிலேயே ஹெட் 215. கீழே இறங்கி, ஆறவிட்டு, என் முறையில் ஏறினேன். 190 தாண்டவில்லை. ஃபேன் சுற்றுவது என்ஜின் வேகத்தைப் பொறுத்துத்தான். முனகுகிற என்ஜினுக்கு வேலை அதிகம், காற்று குறைவு. அலறுகிற என்ஜினுக்குக் காற்று அதிகம். பெரியப்பா மீட்டரை விரலால் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, "மீட்டர் புதுசுலா, பழகணும்" என்றார்.

ஆனால் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவையும் உண்டு. மலையேறி வந்ததும் பட்டென்று அணைக்காமல் ஒரு நிமிசம் ஓடவிடுவது. அணைத்தால் ஃபேன் நிற்கும், ஹெட்டில் தேங்கிய சூடு போக்கிடம் இல்லாமல் சுற்றிப் பரவும். ஆலங்குளத்தில் டீ குடித்துவிட்டு வந்தால் வண்டி கிளம்பாது, பம்ப்பில் பெட்ரோல் ஆவியாகிக் கிடக்கும். அப்போது ஈரத்துணியை பம்ப்பின் மேல் சுற்றிப் பத்து நிமிசம் சும்மா இருப்பது. அப்புறம் டைனமோவின் சிவப்பு லைட். அது எரிந்தால் பெல்ட் போயிருக்கலாம், பெல்ட் போனால் ஃபேன் போயிற்று. 'அடுத்த பட்டறை வரைக்கும்' என்ற பேச்சே கிடையாது, நின்ற இடத்தில் நிறுத்தணும். சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு புது பெல்ட் வைத்திருப்பார். சுருக்குப்பையில் வெற்றிலை வைத்திருப்பது மாதிரி.

போன ஆனியில் அதே ரோட்டில் அதே ஊருக்குப் போனோம், ஒரு வளைகாப்புக்கு. பெரியப்பா இப்போது ஓட்டுவதில்லை, பக்கத்து சீட். காவல்கிணறு விலக்கில் திரும்பியதும் மூஞ்சியில் பழையபடி காற்றின் அறை. எதிர்காற்றில் ஆக்சிலேட்டரை முக்கால்வாசி மிதித்தால்தான் அறுபதில் போகும். என்ஜினுக்குக் காற்று கூடுதலாகக் கிடைக்கும் என்று தோன்றும், கிடைப்பது கூடுதல் வேலைதான். மூன்றாவது கியருக்கு இறக்கினேன். ஆயில் 104. ஹெட் 188, 191, 189.

முப்பந்தல் கோயிலில் நிறுத்திச் சாமி கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பெரியப்பாவைக் காணோம். வண்டிக்குப் பின்னால், காற்று படாத பக்கமாக, அந்தச் செவுளுக்குப் பக்கத்தில் பீடியோடு நின்றார். ஆறட்டும் என்று என்ஜினை ஓடவிட்டிருந்தேன். அவர் வாயிலிருந்து வந்த புகை ஒரு கணம் தயங்கி, வளைந்து, செவுளுக்குள் போனது. அவர் மறுபடி ஒரு இழுப்பு இழுத்து ஊதினார். மறுபடி உள்ளே போனது.

"ஏல, இங்க வந்து பாரு" என்றார்.